சூடான எஞ்சினும் பெட்ரோல் கேனும்: அறிகுறி பார்த்துத் தீ ஆபத்தை நீக்கும் வழிமுறை

காவிரிப் படுகையில் பெட்ரோலில் ஓடும் சிறு எஞ்சின் ஒன்றாவது இல்லாத ஊரை இன்று காண்பது அரிது. குறுவைக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான், வரப்புப் புல்லை வெட்டும் பிரஷ் கட்டர், வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைக்கவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிய சம்பா வயலை வடிக்கவும் கையில் தூக்கிச் செல்லும் சிறு பம்பு, மின்சாரம் போன இரவுக்கான ஜெனரேட்டர், நாகப்பட்டினம் கரையோரத்துப் படகுகளின் எஞ்சின் என்று அவை பெருகிவிட்டன. அவற்றுக்கு எரிபொருள் ஊற்றும் முறை மட்டும் டீசல் எஞ்சின் காலத்துப் பழக்கமாகவே நின்றுவிட்டது. டீசலை ஊற்றிப் பழகிய கை பெட்ரோலையும் அதே அலட்சியத்தோடு ஊற்றுவதுதான் நம் பகுதியின் முதன்மையான ஆபத்து என்று நான் கருதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட்டு அறிகுறிகளுக்குப் போகலாம். டீசலும் மண்ணெண்ணெயும் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடானால்தான் நெருப்பைக் கண்டதும் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடும். பெட்ரோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அந்த ஆவியை விடும். ஆகவே சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும், நம் ஊரில் திறந்து வைத்த பெட்ரோல் கேன் ஒவ்வொரு நொடியும் ஆவியை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது; மேலே எழுந்து கலைந்துபோகாமல், வாய்க்கால் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித் தரையோடு தவழ்ந்து செல்லும். காற்றில் அது சுமார் 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும், தீ அந்த ஆவியின் தடத்திலேயே திரும்பி வந்து கேனை அடையும். எனவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு அறிகுறியிலும், 'பெட்ரோல் எங்கே இருக்கிறது' என்பதோடு 'ஆவி எங்கே போயிருக்கும், அங்கே என்ன நெருப்பு இருக்கிறது' என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: வேலை நடுவில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது

எல்லோருக்கும் தினமும் நேர்வது என்பதால் இதை யாரும் அறிகுறியாகவே எண்ணுவதில்லை. ஆனால் எரிபொருள் ஊற்றும்போது பற்றும் தீக்கு மிகவும் ஏற்ற தருணம் இதுதான். தீர்ந்துபோகும் வரை முழுச் சுமையோடு ஓடிய எஞ்சின் அந்நேரத்தில்தான் உச்சச் சூட்டில் இருக்கிறது. தீப்பொறியே இல்லாமல் வெப்பத்தால் மட்டும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும் நிலை ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் தொடங்குகிறது. ஓடி நின்ற சைலன்சர் அந்த அளவைத் தாண்டியிருக்கக் கூடும். பல எஞ்சின்களில் டேங்கின் வாய்க்கும் சைலன்சருக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இருக்காது. (டீசல் விஷயத்திலும் இந்த ஓரிடத்தில் மெத்தனம் கூடாது: சூட்டால் தானாகப் பற்றும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால், சூடான சைலன்சரில் சிந்திய டீசலும் தீயாகும்.)

முதலில் சாவியையோ சுவிட்சையோ அணைத்து, எஞ்சினை வைக்கோலும் சருகும் இல்லாத வெறுந்தரையில் இறக்கி வையுங்கள். கேனை உடனே அருகே கொண்டுவர வேண்டாம். பதினைந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். ஆறிவிட்டதா என்று அறிய, சைலன்சரின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அது சுரீரென்று கொதித்து மறைந்தால் பரப்பு இன்னும் 100 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று பொருள். தண்ணீர் அப்படியே தங்கி, புறங்கையை அருகில் கொண்டுபோனாலும் அனல் அடிக்காத நிலை வந்த பிறகு ஊற்றலாம். டேங்கின் வாயைச் சுற்றியுள்ள சேற்றையும் புல்துணுக்கையும் துடைத்துவிட்டு, புனல் வைத்து, கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, டேங்கு, கேன் இரண்டின் மூடிகளையும் இறுக்குங்கள். பிறகு எஞ்சினை அந்த இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி எடுத்துச் சென்று ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுங்கள். இந்தக் கடைசிச் செயலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிந்திய பெட்ரோல் காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் ஆவி இன்னும் தரையோடு கிடக்கும். முதல் இழுப்பில் சைலன்சர் கக்கும் பொறி அதற்குப் போதும்.

விசைத்தெளிப்பானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகில் மாட்டிய நிலையிலேயே ஒருவர் குனிந்து நிற்க, மற்றொருவர் பின்னாலிருந்து பெட்ரோல் ஊற்றுவதை வயல்களில் காண்கிறோம். இறக்கி மாட்டும் சிரமத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தவே இப்படிச் செய்கிறார்கள். ஆனால் அப்போது தீப்பற்றினால், சுமந்து நிற்பவருக்கு நெருப்பு கண்ணில் படாது. தோள்வாரைக் கழற்றவும் நேரம் இருக்காது. அவர் சட்டை ஏற்கெனவே மருந்திலும் எண்ணெயிலும் நனைந்திருக்கும். எக்காரணம் கொண்டும் முதுகில் இருக்கும் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

இதில் வேலை செய்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கூலியை டேங்குக் கணக்கில் பேசும் இடங்களில், எஞ்சின் ஆறும் வரை காத்திருக்கும் கால் மணி நேரம் அவர் கையிலிருந்து போகிற பணம். தண்ணீர் முறை வைத்து வரும் நாளில் பம்பை நிறுத்தி வைப்பதும் அப்படித்தான். ஆகவே அந்தக் கால் மணி நேரத்தைக் கூலிக்குள் சேர்த்துப் பேசுவது நிலத்துக்காரரின் கடமை. நடைமுறையில் எளிய வழி ஒன்று உண்டு: டேங்கு தீர்ந்து நிற்கும் வரை ஓட்டாமல், டீ குடிக்க உட்காரும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, எழும்போது ஊற்றுவது. காத்திருப்பு தனியாக நேரம் எடுக்காது. டேங்கில் அடியில் படிந்த அழுக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குள் போகாது.

அறிகுறி: மூடியைத் திருகும்போது 'உஸ்' என்ற ஒலி வருகிறது, அல்லது பெட்ரோல் பீறிடுகிறது

ஒலி கேட்டதும் திருகுவதை நிறுத்தி, மூடியை மீண்டும் இறுக்குங்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. பிரஷ் கட்டர், மர அறுவை இயந்திரம் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் டேங்கும் எஞ்சினும் ஒட்டியிருப்பதால், ஓடி நின்றதும் எஞ்சினின் சூடு டேங்குக்கு இறங்கி உள்ளிருக்கும் பெட்ரோல் கொதிக்கும் நிலைக்கு நெருங்குகிறது. டேங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தால், திறந்த கணத்தில் ஆவியோடு பெட்ரோலும் ஊற்றாகப் பீறிட்டுத் திறந்தவரின் முகத்திலும் மார்பிலும் அடிக்கும். அருகில் சைலன்சர் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது செய்ததைப்போல நாளெல்லாம் இடைவிடாமல் அறுக்க வேண்டிய வேலைகளில் இந்த ஆபத்து மிகுதி.

பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால், 'எண்ணெய் இருக்கிறதா பார்ப்போம்' என்று சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம். பெரும்பாலான டேங்குகளில் வெளியிலிருந்தே அளவு தெரியும். ஆறிய பிறகு, மூடியின் மேல் ஒரு பருத்தித் துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, கால் சுற்று மட்டும் திருகி, காற்று முழுவதும் போனபின் மெதுவாகத் திறக்க வேண்டும்.

அறிகுறி: மூடியைத் தளர்த்தினால் எஞ்சின் ஓடுகிறது, இறுக்கினால் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது

மேலே சொன்னதற்கு மறுதலையான கோளாறு இது. டேங்கு மூடியில் காற்றுப் போகச் சிறு துளையோ வால்வோ இருக்கும். நம் வயல் சேறு காய்ந்து அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, கார்பரேட்டருக்கு எரிபொருள் இறங்காது. மூடியை அரைத் திருகலில் விட்டுவிட்டு வேலையைத் தொடர்வது பலரும் கண்ட 'தீர்வு'. எஞ்சின் அதிரும்போது அந்த இடுக்கின் வழியே பெட்ரோல் தளும்பிச் சூடான பகுதியில் வடியும் என்பதால், இப்படி ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது. ஆறிய பின் மூடியைக் கழற்றி, துளையை மெல்லிய கம்பியால் குத்தாமல் வாயால் ஊதியோ பஞ்சர்க் கடைக் காற்றாலோ சுத்தம் செய்யுங்கள். வால்வு உள்ள மூடியானால் புதிதாக மாற்றுங்கள்.

அறிகுறி: கேன் உப்பியிருக்கிறது, அல்லது உள்வாங்கியிருக்கிறது

வெயிலில் வைத்த கேன் உப்பும். இரவில் குளிர்ந்தபின் உள்வாங்கும். இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். உப்பிய கேனை வெயிலிலேயே திறக்காமல், நெருப்பில்லாத நிழலுக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் விட்டு, மேலே சொன்னபடி துணி போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். 20 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். விளிம்பு வரை நிரப்பிய கேனில் அதற்கு இடமில்லை. எப்போதும் இருபதில் ஒரு பங்காவது வெற்றிடம் விட்டே நிரப்புங்கள்.

கேன் எது என்பதும் முக்கியம். பெட்ரோலியச் சட்டம், 1934, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் அதை இறுக மூடிய உலோகக் கலத்திலோ, கண்ணாடி அல்லது கல்சாடிக் கலத்திலோ வைக்க வேண்டும் என்கிறது. உலோகக் கலம் 25 லிட்டரையும் கண்ணாடி, கல்சாடிக் கலம் 1 லிட்டரையும் தாண்டக் கூடாது. தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், மருந்து காலியான டப்பா ஆகியவை இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. பங்கில் பாட்டிலில் ஊற்ற மறுத்தால் அவர்களோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். அவர்கள் செய்வது சரி. மெல்லிய பாட்டிலின் மூடி அசைவில் கழன்றுகொள்ளும். வீட்டில் அதைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும் அபாயத்தை நினைத்தால், குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி வைக்கும் வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நல்ல உலோகக் கேன் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கி வைத்தாலும் பயன்படும். அதன் மேல் 'பெட்ரோல்' என்று பெரிதாக எழுதிவையுங்கள்.

அறிகுறி: எஞ்சினுக்கு அடியில் சொட்டு விழுகிறது

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தி, டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்குவதை அடைக்கும் திருகான 'காக்'கை மூடுங்கள். எங்கிருந்து சொட்டுகிறது என்று கண்டுபிடிக்க முழுவதையும் பருத்தித் துணியால் துடைத்து உலரவிட்டு, காக்கைத் திறந்து, எஞ்சினை ஓட்டாமல் பாருங்கள். முதல் ஈரம் எங்கே தோன்றுகிறதோ அதுவே ஊற்று; கீழே வடிந்து சேரும் இடத்தை நம்ப வேண்டாம்.

ரப்பர் டியூபின் முனையில் ஈரம் தெரிந்தால், டியூப் கெட்டிப்பட்டு வெடித்திருக்கும், அல்லது ஊறிப்போய்க் கிளிப்பை விட்டு நழுவும். இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய எஞ்சின்களின் ரப்பர் பாகங்கள் பல அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பழைய பம்போ தெளிப்பானோ வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பாக, டியூபையும் வாஷரையும் மாற்றிவிடுவது நல்லது. டியூபை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதன் விலை மிகச் சொற்பம்.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்திலிருந்தோ வழியும் துளையிலிருந்தோ சொட்டினால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கிறது. கார்பரேட்டரைத் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சில நேரம் நிற்கும். நிற்காவிட்டால் கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலையை வெட்டவெளியில், வடியும் பெட்ரோலை ஒரு தகரத் தட்டில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். மெக்கானிக் கடையில் வெல்டிங் நடக்கும் நேரத்தில் அல்ல. டேங்கே ஓட்டையானால் சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைப்பது, எஞ்சினை வைக்கோல் போர் அருகிலிருந்து வெளியே கொண்டுவரும் வரைக்கு மட்டுமே உதவும். அதோடு வேலையைத் தொடரக் கூடாது. காலி டேங்கை வெல்டிங்குக்குக் கொடுப்பது நிறைந்த டேங்கைக் கொடுப்பதைவிட ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் பற்றும் விகிதத்தில் கலந்திருக்கும். முறையாகக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவரிடம் அல்லாமல் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: கசிவு தெரியவில்லை, வாடை மட்டும் வருகிறது

வீட்டின் சாமான் அறையிலோ மோட்டார் கொட்டகையிலோ நுழைந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், விளக்கைப் போடாதீர்கள். எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். சுவிட்சின் உள்ளே எழும் சிறு பொறி இரண்டு வேளையும் ஒன்றுதான். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். அடுத்த அறையில் சாமி விளக்கு எரிகிறதா, அடுப்பு எரிகிறதா, குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஆவி வாசற்படி தாண்டித் தரையோடு அங்கே போயிருக்கலாம். திருக்கார்த்திகை அன்று வாசலிலும் நிலைப்படியிலும் அகல் வைக்கும் வீடுகளில், பெட்ரோல் வண்டியும் கேனும் திண்ணைப் பக்கம் நிற்பதை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். வாடை முழுவதும் நீங்கிய பிறகே உள்ளே சென்று காரணத்தைத் தேடுங்கள்: பெரும்பாலும் சரியாக மூடாத கேன், பெட்ரோல் துடைத்த துணி, அல்லது காக்கை மூடாமல் வைத்த எஞ்சின்.

கீற்றுக் கொட்டகைக்குள் பெட்ரோல் வைப்பதையும் ஊற்றுவதையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். கீற்றுக் கூரை பற்றினால் எவ்வளவு விரைவில் விழும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்த நம் பகுதிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

படகில் வாடை வந்தால், ஆவி அடித்தளத்தின் பள்ளத்தில் தேங்கியிருக்கிறது. கடல் காற்று மேலே வீசுவதால் அது வெளியேறிவிடும் என்று எண்ணக் கூடாது. எடுத்து மாற்றக்கூடிய டேங்கைப் படகிலேயே நிரப்பாமல் கரைக்கு இறக்கி நிரப்பி ஏற்றுங்கள். வாடை இருக்கும் வரை எஞ்சினை இழுக்கவோ பீடி பற்றவைக்கவோ வேண்டாம்.

அறிகுறி: கேனில் நிரப்பும்போது சொடுக்கென்று சிறு பொறி தட்டுகிறது

இது நிலைமின்சாரம். ஈரக்காற்று மிகுந்த நம் பகுதியில் இது அடிக்கடி நேராது, ஆனாலும் நேரும். பைக் மீதோ டிராக்டர் பெட்டியில் விரித்த பிளாஸ்டிக் பாய் மீதோ கேனை வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வையுங்கள். பங்கில் குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்க வேண்டும். வீட்டில் ஊற்றும்போது உலோகப் புனல் டேங்கின் விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும். நைலான் துணியை வடிகட்டியாகப் போடாதீர்கள்.

அறிகுறி: எத்தனை முறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் வாடை மட்டும் அடிக்கிறது

சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகமாகப் போய்விட்டது. இங்கே நடக்கும் தவறு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே: பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு எஞ்சின் தலையின் மேல் வைத்து, கயிற்றை இழுத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதே இழுப்பில் திறந்த பிளக் துளை வழியாகப் பெட்ரோல் புகையாகச் சீறி வெளிவரும். இரண்டு அங்குலத்தில் பொறி அடிக்கும். வேண்டுமென்றே ஏற்பாடு செய்தாலும் இதைவிடச் சரியாகத் தீ வைக்க முடியாது.

சரியான முறை: சுவிட்சை அணையுங்கள், காக்கை மூடுங்கள், காற்றை மறிக்கும் சோக்கைத் திறந்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி அதன் வயரை எஞ்சினிலிருந்து தள்ளி ஒதுக்கிவைத்து, துளை யாருக்கும் எதிரே இல்லாதபடி திருப்பி, கயிற்றை ஐந்தாறு முறை இழுத்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள். துடைத்து, பதினைந்து நிமிடம் உலரவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி இழுங்கள். பொறி பார்த்தே ஆக வேண்டுமானால், பழைய பிளக் ஒன்றைத் துளையில் மாட்டி அடைத்துவிட்டு, மற்றொரு பிளக்கை வயரில் மாட்டி, துளையிலிருந்து முடிந்தவரை தள்ளி எஞ்சின் உடம்பில் தொட வைத்துப் பாருங்கள். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டுக் கார்பரேட்டர் வாயில் மூடியால் பெட்ரோல் ஊற்றி இழுப்பதும் கூடாது. எஞ்சின் பின்னடித்தால் நெருப்பு அந்த வாய் வழியாகவே கைக்கு வரும்.

அறிகுறி: மண்ணெண்ணெய் அடுப்போ விளக்கோ படபடவென்று எரிகிறது, சுடர் எழும்பிக் குதிக்கிறது

மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருக்கிறது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்பு உள்ள வீடுகளில் இரண்டும் ஒரே மாதிரிக் கேனில், ஒரே மூலையில் இருக்கும். ஒரே புனலும் பயன்படும். சிறிதளவு கலந்தாலே மண்ணெண்ணெய் பற்றும் வெப்பநிலை பெரிதும் இறங்கி, அடுப்பின் டேங்கே வெடிக்கக்கூடும். அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். திரியை இறக்க முடிந்தால் இறக்கி, வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றி, சுடர் தணியும் வரை விலகி நில்லுங்கள். ஆறிய பின் அந்த எண்ணெய் முழுவதையும் வடித்து, எந்த அடுப்புக்கும் விளக்குக்கும் பயன்படுத்தாமல் ஒதுக்குங்கள். அதன்பின் பெட்ரோலுக்குத் தனிக் கேன், தனிப் புனல், தனி இடம். சமையல்கட்டின் பக்கத்தில் அந்த இடம் இருக்கவே கூடாது.

அறிகுறி: புயல் இரவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது

இருட்டும், மழையும், உள்ளே நோயாளியோ குழந்தையோ இருக்கும் பதற்றமும் சேரும்போது, சூட்டோடு ஊற்றச் சொல்லும் அவசரம் மிகப் பெரியது. மெழுகுவர்த்தியும் அரிக்கேனும் அருகே வரக் கூடாது. டார்ச்சை முன்கூட்டியே ஏற்றி, தள்ளி நின்று ஒருவர் பிடிக்க வேண்டும். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்திருந்தால், தீக்கு முன்பாகவே அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உறங்குகிறவர்களைக் கொன்றுவிடும். அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து விலகி, மேலே தகரம் மட்டும் போட்ட திறந்த இடத்தில் வையுங்கள். இருட்டுவதற்கு முன் டேங்கை நிரப்பிவிட்டு, அது எத்தனை மணி ஓடும் என்று கணக்கிட்டு, நின்றால் இருபது நிமிடம் விளக்கில்லாமல் இருக்க வீட்டாரைத் தயார்படுத்துங்கள்.

அறிகுறி: தீப்பிடித்தேவிட்டது

கேனின் வாயில் மட்டும் சுடர் நிற்கிறது என்றால், உள்ளே தீ இல்லை. காற்றுப் போதாமையால் அது வாயிலேயே எரிகிறது. அந்தக் கேனை உதைப்பதும், தூக்கி வீசுவதும், வாய்க்காலில் போடுவதும்தான் சிறு சுடரைப் பெரும் விபத்தாக்குகின்றன. எரியும் கேனை வீசும் கை தன் மேலேயே அதைக் கொட்டிக்கொள்ளும். அருகில் நிற்பவர் மீதும் சிதறும். கேனை அசைக்காமல், நனைத்துப் பிழிந்த சாக்கை உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக வாயின் மேல் போர்த்தி, சில நிமிடங்கள் எடுக்காமல் விடுங்கள்.

தரையில் சிந்திய பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. எரிந்துகொண்டே அதன் மேல் மிதந்து, தண்ணீர் ஓடும் இடமெல்லாம் போகும். வயலில் தண்ணீர் நிற்கும்போதும் இதே கதைதான். உலர்ந்த மணலை விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தூவுங்கள். உலர் பொடித் தீயணைப்பான் இருந்தால், காற்று வீசும் பக்கத்தில் முதுகை வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலிருந்து, சுடரின் அடியைக் குறிவைத்து இடமும் வலமும் வீச வேண்டும். சிறிய உருளை சில நொடிகளுக்கே வரும் என்பதால், உங்கள் பின்னால் தப்பும் வழி இருந்தால் மட்டும் முயலுங்கள். எஞ்சின் எரிந்தால், எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் காக்கை மூடுங்கள். வைக்கோல் போரோ கூரையோ பற்றிவிட்டால் அது உங்கள் கையை மீறிய தீ. ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். எஞ்சின் போனால் போகட்டும்.

அறிகுறி: பெட்ரோலோ தீயோ உடம்பில் பட்டுவிட்டது

உடையில் பெட்ரோல் நனைந்து, இன்னும் தீப்பற்றவில்லை என்றால், எஞ்சினிலிருந்தும் அடுப்பிலிருந்தும் விலகி, நிறையத் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 'காய்ந்துவிடும்' என்று அதே சட்டையோடு கயிற்றை இழுக்கக் கூடாது. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். டியூபை வாயால் உறிஞ்சும்போது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போவதுதான் உயிருக்கு ஆபத்து. இருமல் வந்தால் அளவு சிறிதென்று எண்ணாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கென்றே விற்கும் கைப்பம்பு இருக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை.

உடையில் தீப்பற்றினால் ஓட விடாமல் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், அல்லது தடித்த பருத்திப் போர்வையால் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் போர்த்துங்கள். அணைந்ததும் இருபது நிமிடம் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு ஆற்றுங்கள், பனிக்கட்டி வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இட்லி மாவு, மை, பற்பசை, மஞ்சள் எதையும் தடவாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழைத்து அனுப்புங்கள். கூட வருபவர், எரிந்தது பெட்ரோல் என்பதையும், அவர் மூடிய இடத்தில் புகையைச் சுவாசித்தாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.